திண்ணைப் பேச்சும் தீர்மானப் புத்தகமும்

கல்பாத்தியில் தொடங்கி மூணாறு வரை, பெண்கள் கூடிப் பேசும் பேச்சு ஊர் நிர்வாகத்தை எவ்வளவு தூரம் அசைக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பாலக்காட்டு நகர வார்டு ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரிகிறது. போன வாரம் பக்கத்து வீடு, இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் எதிர்வீடு. பதினைந்து பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள். அக்கா, சேச்சி, மாமி என்று மூன்று விதமாக அழைத்துக்கொள்கிறார்கள். தமிழில் ஆரம்பித்த வாக்கியம் மலையாளத்தில் முடிகிறது. பிரார்த்தனை, வருகைப் பதிவு, பிறகு சேமிப்பு. பத்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ, பாஸ் புத்தகத்தோடு கைமாறுகிறது. யார் தவணை கட்டினார், யார் கட்டவில்லை, அடுத்த கடன் யாருக்கு என்பது முடிந்த பிறகே ஊர் விவகாரம் வருகிறது. குழாயில் தண்ணீர் வராதது, ஓடை அடைத்துக்கொண்டது, தெருமுனை விளக்கு எரியாதது, ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டது. செயலாளர் அவற்றை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுகிறார். கூட்டம் கலைவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் இந்த வட்டத்துக்கு அயல்கூட்டம் என்று பெயர். மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் அயல்கூட்டங்களில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். சிறுசேமிப்புக் குழு என்றுதான் வெளியூர்க்காரர்கள் இதை நினைக்கிறார்கள். வங்கிக் கணக்கும் கடனும் இதன் ஒரு பாதிதான். இன்னொரு பாதி, பெண்கள் வாரம் ஒரு முறை கூடி ஊர்க் காரியத்தைப் பேசி, பேசியதை எழுதி, எழுதியதை நகரசபைக்கோ பஞ்சாயத்துக்கோ அனுப்பும் ஏற்பாடு. பெண்கள் மன்றம், மகளிர் சங்கம், மகிளா சமாஜம் என்று எத்தனையோ பெயரில் இயங்கிய அமைப்புகளுக்கு அந்த இரண்டாம் பாதி வாய்க்கவில்லை. கூட்டம் நடக்கும், பேச்சு நடக்கும், தீர்மானமும் நிறைவேறும். அந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தெருவே விவாதமான ஊர்

கல்பாத்தி பாலக்காடு நகரசபைக்குள் அடங்கிய பகுதி. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று அடுத்தடுத்து அமைந்த அக்ரஹாரங்களை இங்கிருப்பவர்கள் கிராமம் என்றே சொல்கிறார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் விசுவநாதசுவாமி கோயிலின் தொடக்கம் 1425ஆம் ஆண்டு என்று சொல்லப்படுகிறது. லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தார், 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசரிடம் ஒப்படைத்துக் கோயில் கட்டச் சொன்னார் என்பது கோயில் மரபு. ஊரின் மிகப் பெரிய பொதுச் சொத்து ஒரு பெண்ணின் பணத்திலும் முடிவிலும் எழுந்தது என்று ஊரே ஒப்புக்கொள்ளும் கதை இது.

ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தேர்த்திருவிழாவின் கனம் 2024இல் நாடு முழுக்கத் தெரிந்தது. பாலக்காடு சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலை நவம்பர் 13இலிருந்து 20க்குத் தேர்தல் ஆணையம் தள்ளி வைத்ததற்குக் கல்பாத்தித் தேர்தான் காரணம்.

இதே தெருவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. அந்த ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவில் நுழைந்த, அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த ஈழவர் சாதியினர் தாக்கப்பட்டார்கள். அடுத்து வந்தவை தடையுத்தரவுகள், சட்டமன்றக் கேள்விகள், ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அந்தத் தெருவில் நடக்க முயன்றவர்களின் போராட்டம். பொது விவாதம் என்பதற்கு இந்த ஊரில் முதல் பாடம் அதுதான். தெருவில் யார் நடக்கலாம் என்பதே தீராத இடத்தில், தெருவைப் பற்றி யார் பேசலாம் என்ற கேள்வி எழவே இடமில்லை. இன்று ஒரே வார்டின் பாயில் வெவ்வேறு சாதிப் பெண்கள் சுற்றி உட்காருவதை எடைபோடும்போது இந்த நூறாண்டையும் தட்டில் வைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து லக்கிடி வரை

பெண்கள் கூடிப் பொது விஷயம் பேசும் அமைப்புக்கு இந்தப் பகுதியில் நேரடியான முன்னோடி, 1917 மே 8 அன்று சென்னை அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோரோடு அதைக் கட்டியெழுப்பியவர்களில் அம்மு சுவாமிநாதன் ஒருவர். 1894இல் ஆனக்கரையில் பிறந்தவர். ஆனக்கரை இன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து முதல் மக்களவை உறுப்பினராகவும் ஆனார். இந்தியத் தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமி அவருடைய மகள்.

மாதர் சங்கம் ஊர் ஊராகக் கிளைகள் வைத்தது. படிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்தது, கூட்டங்கள் நடத்தியது, 'ஸ்திரீ தர்மா' என்ற பத்திரிகையை வெளியிட்டது. பிறந்த ஆண்டின் டிசம்பரிலேயே அதன் முயற்சியால் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலருக்கே அது எட்டியது என்றாலும், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். மன்றத்தில் பேசியது சட்டமாக மாறிய அரிய தருணம் அது. ஆனால் அந்த மன்றங்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள்.

பாரதப்புழையின் கரையில், லக்கிடியில், இன்னொரு வகைக் கூட்டம் உருவானது. நம்பூதிரிப் பெண்களின் வீட்டுச் சிறையைக் கேள்விகேட்ட வி.டி. பட்டதிரிப்பாடின் 'அடுக்களையில்நின்னு அரங்கத்தேக்கு' நாடகம் 1929இல் மேடையேறியது. எழுதியவர் ஆண், நடித்தவர்களும் ஆண்கள். லக்கிடியில் தொழில்மையம் அமைத்துச் சேர்ந்து வாழ்ந்து உழைத்த அந்தர்ஜனங்கள், அதாவது நம்பூதிரிப் பெண்கள், 1948இல் 'தொழில்கேந்திரத்திலேக்கு' என்ற நாடகத்தைத் தாங்களே சேர்ந்து எழுதித் தாங்களே நடித்தார்கள். அரங்கத்துக்கு வந்தால் போதாது, சொந்தக் காலில் நிற்க வேலை வேண்டும் என்பது நாடகத்தின் பேச்சு. வருமானத்தையும் விவாதத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த யோசனைதான் ஐம்பது ஆண்டுகள் கழித்து அயல்கூட்டத்தில் அரசின் திட்டமாகத் திரும்பி வந்தது.

பெட்டிச் செய்தி: அயல்கூட்டம் ஒரு பார்வையில்

அயல்கூட்டம்: ஒரு வீட்டுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் 10 முதல் 20 பேர். தலைவர், செயலாளர் தவிர வருமானம், சுகாதாரம், அடிப்படை வசதி ஆகியவற்றுக்குத் தலா ஒரு பொறுப்பாளர்.

ஏ.டி.எஸ்.: வார்டில் உள்ள அயல்கூட்டங்கள் அனைத்தும் சேர்ந்தது.

சி.டி.எஸ்.: பஞ்சாயத்து அல்லது நகரசபை அளவிலான அமைப்பு. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. மாநிலத்தில் 1,070.

தொடக்கம்: ஆலப்புழை, மலப்புறம் முன்னோட்டங்களுக்குப் பிறகு 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்தார்.

துணைக் குழு: 18 முதல் 40 வயது வரையிலான பெண்களுக்காக 2021 முதல்.

மேசை எங்கே இருக்கிறது?

குடும்பஸ்ரீக்கு முன்பே கேரளத்தில் அதிகாரம் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அதில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்றும் வகுக்கப்பட்டது. பணம் கீழே வந்ததால் பேச்சுக்கு மதிப்பு வந்தது. ஓடை அடைப்பைப் பற்றி எழுதினால், அதைச் சரிசெய்யும் நிதி யார் கையில் இருக்கிறதோ அவரே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தலைநகருக்கு மனு அனுப்பிக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

அயல்கூட்டம் தன் பகுதியின் தேவைகளை நுண்திட்டமாக எழுதுகிறது. வார்டின் ஏ.டி.எஸ். அவற்றைத் தொகுக்கிறது. சி.டி.எஸ். அவற்றையெல்லாம் ஒன்றாக்கி, உள்ளாட்சியின் வறுமை ஒழிப்புத் திட்டத்தோடு இணைக்கக் கொடுக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வேறுபாடு எளிதில் புரியும். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எண்ணிக்கையிலும் கடன் ஒழுக்கத்திலும் யாருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் அவற்றின் கயிறு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் பக்கமும் வங்கியின் பக்கமும் இழுக்கிறது. கேரளத்தில் அந்தக் கயிற்றின் மறுமுனை உள்ளாட்சியோடு கட்டப்பட்டிருக்கிறது. கிராமசபையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராமசபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராமசபை. வார்டின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

பஞ்சாயத்துப் பகுதிகளில் அந்தப் பத்தில் ஒரு பங்கை நிரப்புபவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்ரீ பெண்கள். சலுகைப் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பதற்காக வருகிறார்கள் என்ற குறை நீண்ட நாளாக உண்டு. வீடு கட்டும் உதவிக்காகவோ ஆட்டுக்குட்டிக்காகவோ வந்தாலும், வந்தவர் கேள்வி கேட்கப் பழகுகிறார். தனக்கு வேண்டியதைக் கேட்பதற்காகப் பொது மன்றத்துக்கு வருவதில் இழுக்கு எதுவும் கிடையாது. ஒப்பந்தக்காரர்களும் நிலக்காரர்களும் எப்போதும் அதற்காகத்தான் வந்தார்கள்.

நகரத்தில் கதை மாறுகிறது. கேரள நகரசபைச் சட்டப்படி, ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை உள்ள நகரங்களில் வாக்காளர் எல்லோரும் கூடும் வார்டு சபை உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரங்களுக்கு வார்டு கமிட்டி. அதில் எல்லோரும் உட்கார முடியாது: வார்டு கவுன்சிலர் தலைவர், பதிவுபெற்ற குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் பதிவுபெற்ற அயல்கூட்டங்களிலிருந்தும் தேர்வாகி வருபவர்கள், கட்சிப் பிரதிநிதிகள், கல்விக்கூடத் தலைவர்கள், நியமன உறுப்பினர்கள். 2011 கணக்கெடுப்பில் பாலக்காடு நகரசபையின் மக்கள்தொகை 1.3 லட்சம். எனவே கல்பாத்தி வாசிக்குச் சட்டம் வகுத்திருப்பது வார்டு கமிட்டி.

இதன் விளைவை நின்று யோசிக்க வேண்டும். நகரத்துக்கு வெளியே பஞ்சாயத்தில் இருக்கும் பெண் வாக்காளர் என்ற ஒரே தகுதியில் கிராமசபைக்கு நடந்து போகலாம். கல்பாத்தியில் இருக்கும் பெண்ணுக்கு அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் நுழைவு. குடியிருப்போர் சங்கங்களில் வீட்டுத் தலைவராகப் பதிவாகி இருப்பவர் பெரும்பாலும் ஆண். ஆக, பெண்ணுக்கு மிச்சமிருக்கும் வாசல் அயல்கூட்டம். நகரத்தில் அயல்கூட்டத்தில் சேராத பெண் கடன் வாய்ப்பை மட்டும் இழக்கவில்லை, தன் வார்டைப் பற்றிப் பேசும் இடத்தையும் சேர்த்தே இழக்கிறார். குடும்பஸ்ரீயை ஏழைகளின் சேமிப்புத் திட்டம் என்று மட்டும் பார்த்து ஒதுங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லப்படுவதில்லை.

பிளாச்சிமடை: பேச்சு அதிகாரத்தைத் தொட்ட இடம்

பாலக்காட்டிலிருந்து கிழக்கே சித்தூர் தாலுகா. தமிழ் பேசுவோர் நிறைந்த எல்லைப் பகுதி. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. விரைவிலேயே சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் குறைந்தது. கிடைத்த நீரும் சமையலுக்கும் குடிப்பதற்கும் ஆகவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் தண்ணீர் இறைப்பவர்கள், அதாவது பெண்கள். அரிசி வேகவில்லை, உடம்பு அரிக்கிறது என்ற பேச்சு கிணற்றடியில் ஆரம்பித்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் தொடர் போராட்டமாக மாறியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். எழுத்தறிவு இல்லாத அவர், தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தன் காலனியிலிருந்து உலக அரங்கு வரை கொண்டுபோனார். 2007 ஜனவரியில் காலமானார்.

போராட்டப் பந்தலோடு இது நின்றிருந்தால் கேரளத்தின் எத்தனையோ போராட்டங்களில் ஒன்றாகியிருக்கும். 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அளவுக்கு மேல் உறிஞ்ச உரிமையில்லை என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறு கோணத்தில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை அதன் பிறகு நிலையாக இயங்கவில்லை. கிணற்றடிப் பேச்சு உரிமம் தரும் அதிகாரியின் கோப்பைத் தொட்டதால் வந்த பலன் இது.

பலன் முழுமையாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பஞ்சாயத்து வரை எட்டிய குரல் டில்லிக்கு எட்டவில்லை. 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தபோது, பாலக்காட்டில் அதே நிலத்தடி நீர்க் கேள்வி மீண்டும் வந்தது; அங்கேயும் கிராமப் பஞ்சாயத்து எதிர்ப்பில் நின்றது.

மூணாறு: சங்கம் கேட்காத குரல்

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கம் பழையது, வலுவானது. லயங்கள் என்னும் தோட்ட வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சங்கத்தின் மேடையில் இருப்பவர்கள் ஆண்கள். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்ட நிறுவனம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது பெண்கள் சங்கத்தைக் கேட்காமல் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 20 சதவீதம் கொடு, 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கு என்பது கோரிக்கை. ஒன்பதாம் நாள் நிறுவனம் இறங்கி வந்தது: போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம். அடுத்த மாதம் தினக்கூலி 301 ரூபாயானது; கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையில் 199 ரூபாய் பாக்கி.

அந்த நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமையின் வேட்பாளர்கள் மூணாறு கிராமப் பஞ்சாயத்திலும் தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்திலும் வென்றார்கள். ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்த கூட்டம் இரண்டு மாதத்துக்குள் மன்ற உறுப்பினர் நாற்காலியில் அமர்ந்தது அசாதாரணம். பிறகு பிளவுகள் வந்தன. தலைவிகள் வெவ்வேறு பக்கம் போனார்கள், அமைப்பு மெலிந்தது. சாலை மறியலுக்குத் தேவையான ஒற்றுமை வேறு. வாரா வாரம் கூடி, கணக்கெழுதி, சண்டையிட்டுச் சமாதானமாகி, பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் பழக்கம் வேறு. முன்னது மூணாறில் அபாரமாக இருந்தது. பின்னதற்கு அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. அயல்கூட்டத்தின் சலிப்பூட்டும் வருகைப் பதிவேட்டுக்கும் மினிட்ஸ் புத்தகத்துக்கும் இருக்கும் அருமை இங்கேதான் தெரிகிறது.

பாயில் இடமில்லாதவர்கள்

கல்பாத்தியின் அக்ரஹார வீடுகளில் பலவற்றின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீட்டைக் காத்துக்கொண்டு தனியாக இருப்பவர்களில் வயதான பெண்கள் அதிகம். மருந்துக்கடை, இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி, மழைக்காலத்தில் ஒழுகும் ஓடு, ஆற்றில் சேரும் குப்பை: அவர்களுக்குப் பேச வேண்டிய பொது விஷயங்கள் நிறைய. பாரம்பரியக் கிராமம் என்ற அறிவிப்பு வந்த பிறகு வீட்டைப் பழுதுபார்க்கவும் இடித்துக் கட்டவும் கலை, பாரம்பரிய ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பது தேர்தல் மேடை வரை வந்துவிட்ட பிரச்சினை. வரிசை வீடுகளின் பொதுச்சுவரும் நீண்ட திண்ணையும் காக்கப்பட வேண்டியவை என்பதில் சந்தேகம் கிடையாது. அதே சுவருக்குள் முழங்கால் வலியோடு இருப்பவருக்குக் கழிப்பறை எங்கே அமைய வேண்டும் என்று அவரையே கேட்க ஒரு மன்றம் வேண்டும்.

குடும்பஸ்ரீ தொடங்கியபோது ஏழைக் குடும்பங்களை அடையாளம் காணும் ஒன்பது அளவுகோல்கள் இருந்தன. 2008 விதிகளுக்குப் பிறகு எல்லாப் பெண்களும் சேரலாம். விதி திறந்துவிட்டாலும் மனம் திறக்க நாளாகிறது. அது நமக்கானது இல்லை என்ற தயக்கம் ஒரு பக்கம், அவர்கள் வரமாட்டார்கள் என்ற முன்முடிவு இன்னொரு பக்கம். நடுத்தர வீட்டுப் பெண்கள் கோயில் சமிதியிலும் சாதிச் சங்கத்தின் மகளிர் பிரிவிலும் பஜனை மண்டலியிலும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டங்களின் அன்பும் உதவியும் உண்மையானவை. வார்டு கமிட்டிக்குப் பிரதிநிதி அனுப்பும் உரிமைதான் அவற்றுக்கு இல்லை. தெருக்காரியம் பேச வேண்டிய பெண்கள் இரண்டு தனித்தனி வட்டங்களில் உட்கார்ந்திருக்கும்வரை வார்டு அவர்களைப் பாதியளவே கேட்கும்.

மொழியும் ஒரு வாசற்படி. பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். அரசாணை மலையாளத்தை வாசித்துப் பொருள் கொள்வது எல்லோராலும் ஆவதில்லை. சித்தூர் எல்லையிலும் மூணாறு லயங்களிலும் இது இன்னும் கடினம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே எழுதித் தொடர்புகொள்ளலாம் என்கிறது. பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். அந்தப் பகுதிகளில் மனுவைத் தமிழிலேயே எழுதலாம் என்று அயல்கூட்டத்துக்குத் தெரிந்தால் வாய் திறப்பவர்கள் கூடுவார்கள்.

பெட்டிச் செய்தி: கட்சி சாராத பெண்கள் மன்றம்

அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமை கைக்கு வரும் தருவாயில், 1920 பிப்ரவரியில் சிகாகோவில் கேரி சாப்மன் கேட் பெண் வாக்காளர் சங்கத்தைத் தொடங்கினார். வேட்பாளர்களை ஒரே மேடையில் பேசவைப்பது, ஊராட்சிக் கூட்டங்களுக்கு உறுப்பினரை அனுப்பிக் கவனித்துக் குறிப்பெடுப்பது, ஒரு பிரச்சினையைப் படித்து விவாதித்த பிறகே நிலைப்பாடு எடுப்பது அதன் வழக்கம். எந்தக் கட்சியையும் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்பும் அல்ல.

நிறமும் சுமையும்

கட்சியிலிருந்தும் அரசிலிருந்தும் அப்படி விலகி நிற்கும் தூரம் குடும்பஸ்ரீக்குக் கிடையாது. அது மாநில அரசின் உள்ளாட்சித் துறைக்குக் கீழ் உள்ள இயக்கம். ஆட்சி மாறும்போது அதன்மேல் விழும் பார்வையும் மாறுகிறது. சி.டி.எஸ். தலைவர் தேர்தல் பல ஊர்களில் கட்சித் தேர்தலாகவே நடக்கிறது. 2012 அக்டோபரில், மத்திய நிதி ஒன்று வேறொரு சேமிப்பு அமைப்புக்குப் போனதை எதிர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் திருவனந்தபுரம் செயலகத்தின் முன் ஒரு வாரமளவு இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அரசு உண்டாக்கிய அமைப்பு அரசின் வாசலிலேயே போராடியது அதன் வலிமைக்குச் சான்று. மாநிலத்தின் இரு அரசியல் அணிகளின் நிழல் அந்தப் போராட்டத்தின்மேல் விழுந்ததும் உண்மை.

கட்சி நிறத்தைவிட அன்றாடம் அழுத்துவது வேலைச்சுமை. வீடுதோறும் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் ஹரிதகர்ம சேனை, கொரோனாக் காலத்தில் சமூகச் சமையலறை, முன்பு 20 ரூபாய்க்குச் சோறு போட்ட ஜனகீய ஹோட்டல், கணக்கெடுப்புகள், விழிப்புணர்வு ஊர்வலம், மந்திரி வரும் கூட்டத்துக்கு ஆள்: எதற்கும் குடும்பஸ்ரீ. பெண்களின் பொதுப் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதப்படுவதில் கணிசமான பகுதி குறைந்த கூலி உழைப்பு. அந்த வேலைகளில் பல மரியாதையும் வருமானமும் தருகின்றன. ஆனால் கூட்ட நேரத்தை அரசின் சுற்றறிக்கை வாசிப்பும் கடன் கணக்கும் தின்றுவிட்டால் ஓடையைப் பற்றிப் பேச நேரம் மிஞ்சாது. வாரக் கூட்டத்தில் அரை மணி நேரமாவது பெண்களே தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு ஒதுக்கப்படாத இடங்களில், அயல்கூட்டம் வெறும் வசூல் முகாமாகச் சுருங்குகிறது.

இருக்கைகளின் கணக்கு ஊக்கம் தருவது. கேரளம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கி 2010 தேர்தலில் முதன்முதலாக அமல்படுத்தியது. வேட்பாளர் தேடிய கட்சிகள் எல்லாம் அயல்கூட்டத்துக்குத்தான் வந்தன. அங்கே பேசப் பழகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் வென்றார்கள். பாலக்காடு நகரசபைத் தலைவர் நாற்காலியிலும் பெண்கள் அமர்ந்துவிட்டார்கள். இனிச் சோதனை, மன்றத்துக்குள் போன பெண்ணுக்கும் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இடையே கேள்வி பதில் நடக்கிறதா என்பதில்.

அதற்குச் சட்டத்தில் பிடிமானம் உண்டு. முந்தைய தீர்மானம் என்னவாயிற்று, நிறைவேறவில்லை என்றால் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை பஞ்சாயத்துராஜ் சட்டப்படி கிராமசபைக்கு இருக்கிறது. பெருமாட்டியிலும் மூணாறிலும் உள்ள பெண் அதை எழுந்து நின்று கேட்கலாம். கல்பாத்திப் பெண் அதைத் தன் அயல்கூட்டப் பிரதிநிதியின் வாயால் வார்டு கமிட்டியில் கேட்க வேண்டும். அதற்கு மினிட்ஸ் புத்தகத்தில் தேதியும் கோரிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும், வந்த பதிலும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும், பதில் வராத கோரிக்கை அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக எடுக்கப்பட வேண்டும்.